கீரி தூங்கிக்கொண்டிருந்தது

மாம்பலத்தில் ரயிலேறி பார்க் ஸ்டேஷனில் இறங்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நீங்களும் இருந்திருப்பீர்கள். ஒரு கையால் மாமாவின் விரலையும் இன்னொரு கையால் நழுவும் அரை டிராயரையும் பிடித்துக்கொண்டு. படியிறங்கும்போதே கூவம் மூக்கைத் துளைக்கும். பூந்தமல்லி ஹைரோட்டைத் தாண்டுவதற்குள் அது போய், வைக்கோலும் சாணியும் பழைய கறியும் கலந்த மிருகக்காட்சிசாலை நெடி வந்து உட்காரும். கூடவே கடலை வறுக்கிற சட்டியின் சுடுமணல், யார் தலையிலோ வாடிய மல்லிகை, மழையில் நனைந்து காய்ந்த காகிதம். இந்தக் கலவைக்கு எங்கள் வீட்டில் மூர் மார்க்கெட் என்றுதான் பேர். மாமாவின் சட்டையைத் துவைக்கப் போடும்போது பாட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கும் அங்கதானா?" என்பாள்.

மாமா ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க். கல்யாணமாகாதவர். சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குக் கோயில், கச்சேரி, ஓட்டல் எல்லாம் மூர் மார்க்கெட் என்ற அந்தச் சிவப்புக் கட்டடம்தான். இசைத்தட்டுப் பைத்தியம். டிசம்பரில் ஊரே சபாக்களில் உட்கார்ந்திருக்கும்போது டிக்கெட்டுக்குக் காசில்லாத மாமா, செத்துப்போன வித்வான்களின் கச்சேரியை வீட்டுத் திண்ணையில் வைத்துக் கேட்பார். "இவாளுக்கெல்லாம் தொண்டை கட்டாதுடா. மழைன்னு கச்சேரி கேன்சல் ஆகாது" என்பார்.

கட்டடத்தைச் சுற்றி நாலு பக்கமும் கடைகள், நடுவில் முற்றம், வெளியே தரையில் கோணியை விரித்து இன்னும் ஒரு நூறு கடைகள். 1900-இல் திறந்தபோது அதைக் கறி, மீன், காய்கறி அங்காடியாகத்தான் நினைத்திருப்பார்கள். கட்டிய துரைமார் எழுபது வருஷம் கழித்து வந்து பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள். ஒரு கால் செருப்பு மட்டும் தனியாக விற்கும். கண்ணாடியில்லாத மூக்குக்கண்ணாடி, குழாயில்லாத ஹூக்கா, பூட்டில்லாத சாவி கிலோக் கணக்கில். சாயம் தோய்த்த பச்சை, ரோஸ் கோழிக்குஞ்சுகள். லவ் பேர்ட்ஸ், வெள்ளெலி, முயல். நடிகைகளின் படம் போட்ட கைக்கண்ணாடி. அப்பா அம்மாவைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு அல்லவா? அதை முதலில் கேட்ட அன்று, யாராவது அப்பா அம்மாவைத் தேடி வந்துவிட்டு வெறுங்கையோடு போயிருப்பார்களோ என்று ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இசைத்தட்டுக்கார பாய் கடை உள்முற்றத்தில். சுவரில் நாய் படம் போட்ட ஊசி டப்பாக்கள், பழைய சவுண்ட் பாக்ஸ்கள், வாய் நசுங்கிய பித்தளைக் குழல் ஒன்று. தட்டுகளை இட்லித் தட்டு மாதிரி அடுக்கி வைத்திருப்பார். மாமா ஒன்றை உருவுவார். முதலில் லேபிளைப் பார்க்கமாட்டார். வேட்டி நுனியால் வட்டமாகத் துடைப்பார். வெயிலுக்குச் சாய்த்து, கோடுகளில் கீறல் ஓடுகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு நடு ஓட்டையில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, சுண்டுவிரல் முட்டியால் ஒரு தட்டு. பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பார்களே, அதேதான். 'டிங்' என்றால் முழுத் தட்டு. 'பொத்' என்றால் எங்கேயோ விரிசல். அரக்கில் செய்தது, கண்ணுக்குத் தெரியாமலே விட்டிருக்கும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் உள்ளே இருப்பது யார் என்று பார்ப்பார்.

"இன்னா சார், போன மாசம் எடுத்துனு போனியே, நல்லா பாடிச்சா?"

"பாடித்து பாய். நடுவுல ஒரு எடத்துல நின்னுண்டு அதையே திரும்பத் திரும்பப் பாடித்து."

"நல்ல எடமா பார்த்துத்தான் சார் நிக்கும். கச்சேரில நீ ஒன்ஸ்மோர் கேக்கமாட்டியா?"

பாய் அஞ்சு ரூபாய் என்பார். மாமா ஒரு ரூபாய் என்பார். பாய் தலையில் அடித்துக்கொள்வார். மாமா நாலு எட்டு நடப்பார். "வா சார், வா சார், போணி நேரம்" என்று குரல் வரும். ஒன்றரைக்கு முடியும். விலை கேட்டுவிட்டு வாங்காமலே போகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் வந்து விழும் வார்த்தைகளை மட்டும் பாட்டியிடம் சொல்ல முடியாது. என் தமிழறிவில் பாதி அங்கே வளர்ந்ததுதான்.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி கிடைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ராத்திரி முழுக்க ஒரே ராகத்தை வாசித்து ஊரைக் கட்டிப்போட்ட மனுஷரை மூன்று சொச்சம் நிமிஷத்துக்குள் மடக்கி வைத்திருந்தார்கள். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் இடம். பாய் சாவி கொடுத்து ஊசியை வைத்தார். முதலில் வாணலியில் அப்பளம் பொரிகிற சத்தம். அதற்குள்ளிருந்து நாயனம் எழுந்து வந்தது. பேரம் பேசிக்கொண்டிருந்த அடுத்த கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, பின்னாலிருந்த மிருகக்காட்சிசாலையில் ஒரு சிங்கம் அடிவயிற்றிலிருந்து கர்ஜித்தது.

"ஒத்து சேரலை" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.

அந்தத் தட்டில் ஒரு விரிசல் இருந்தது. சுற்றுக்கு ஒரு தடவை 'டிக்' என்று தட்டும். தெரிந்தேதான் வாங்கினார். வீட்டுக்கு வந்து நூறு தடவையாவது போட்டிருப்போம். ஊசியை மாற்றி மாற்றி, சாவி தீர்ந்து தோடி கொட்டாவி விடுகிற மாதிரி இறங்கும்போதெல்லாம் ஓடிப்போய் முறுக்கி. இன்றைக்கு அதே தோடியை யாரோ கழுவித் துடைத்து செல்போனில் அனுப்புகிறார்கள். கேட்கிறேன். 'டிக்' வரவேண்டிய இடத்தில் வராமல் ராகம் கடந்துபோகிறது. காது மட்டும் அங்கேயே நின்றுவிடுகிறது.

தூரத்து உறவு வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போனபோது ஹாலில் ஒரு கறுப்புப் பூச்சாடி. ஓரமெல்லாம் நெளிநெளியாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாமா சும்மா இராமல் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் வட்ட லேபிள், அதில் கிட்டப்பா பேர். வெந்நீரில் போட்டால் இசைத்தட்டு வளையும் என்று எந்தப் புண்ணியவதி கண்டுபிடித்தாளோ! 27 வயதில் போய்ச் சேர்ந்த மனுஷன், அந்தக் குரல், அதில் பிளாஸ்டிக் ரோஜா. மாமா அன்று பந்தியில் உட்காரவே இல்லை.

மாமா பாயிடம் உட்கார்ந்துவிட்டால் நான் புத்தகக் கடைகளுக்கு நழுவுவேன். மர்ரே ராஜம் போட்ட ஒரு ரூபாய் சங்க நூல்களும் வக்கீல் குமாஸ்தா வீட்டுத் தடித்தடி சட்டப் புத்தகங்களும் அங்கே அண்ணன் தம்பி மாதிரி தோளில் சாய்ந்து கிடக்கும். 'கல்கி'யிலிருந்து கிழித்து யாரோ ஒரு மாமி பைண்டு செய்த 'பொன்னியின் செல்வன்', ஓரத்தில் பால் கணக்கு, நடுவில் ஆறு வாரம் காணோம். பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருப்பாள் என்பது என் ஊகம். ஆரணி குப்புசாமி முதலியாரின் துப்பறியும் நாவல்கள் காலணாத் தின்பண்டம் மாதிரி கிடைக்கும், ஆனால் கடைசி நாலு பக்கம் இருக்காது. கொலைகாரன் யாரென்று தெரியாமலே குறைந்தது ஒரு டஜன் கொலைகளோடு நான் வளர்ந்திருக்கிறேன். சினிமாப் பாட்டுப் புத்தகங்களோ கேட்கவே வேண்டாம். கதைச் சுருக்கம் விறுவிறுவென்று போய், கதாநாயகி ஆற்றில் குதிக்கும் இடத்தில், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நின்றுவிடும். படமோ நான் பிறப்பதற்கு முன்னாலேயே தியேட்டரை விட்டுப் போயிருக்கும்.

மழைக்காலத்தில் புத்தகக் கடைகளின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருப்பார்கள். நடுவில் குளம் மாதிரி தொங்கும் தண்ணீரைக் கடைக்காரர் கொம்பால் குத்திச் சாய்க்கும்போது கீழே நிற்கிறவன் பாடு அவ்வளவுதான். சித்திரை வெயிலில் வேறு சங்கடம். அட்டைகள் வளைந்து பசை இளகி, புத்தகத்தை எடுத்தால் ஒரு பாகம் கையில் வரும், ஒரு பாகம் தரையில் கிடக்கும். நுங்கு வண்டிக்காரர் வெளியே நிற்பார். நுங்கு தின்ற ஈரக் கையோடு புத்தகம் தொட்டால் அடி விழும்.

இனி அந்த ஆளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உங்களுக்கும் தெரிந்தவர்தான்.

வாசலுக்கு வெளியே, மரத்தடியில், தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம். ஒரு பக்கம் மூடிய பிரம்புக் கூடை. எதிரே முளையடித்துக் கட்டிய கீரி. நடுவில் தலைப்பாகையோடு அவர், கையில் உடுக்கை. "இன்னும் அஞ்சே நிமிசத்துல கீரிக்கும் பாம்புக்கும் சண்டை! கண்ணால பாரு, காசு வேணாம்! கையைக் கட்டாதே தம்பி, கட்டினா பாம்பு சீறும்!" என்று ஆரம்பிப்பார். கூட்டம் சேரும். கூடை மூடியை ஒரு இஞ்ச் தூக்குவார். உள்ளே ஏதோ நெளியும். மூடிவிடுவார். கதை சொல்வார். அவர் குரு அஸ்ஸாம் காட்டில் பன்னிரண்டு வருஷம் தவமிருந்த கதை. பாதியில் எழுந்து போகிறவன் வீடு போய்ச் சேருமுன் ரத்தம் கக்குவான் என்பார், சாவகாசமாக, என்னமோ பஸ் நம்பர் சொல்கிற மாதிரி. அதன் பிறகு யார் நகர்வார்கள்? தாயத்து வரும். பல்பொடி வரும். முட்டிவலித் தைலம் வரும். "இதோ அவுத்து விடப்போறேன்!" என்று முளைப்பக்கம் குனிவார். இன்னொரு தாயத்தை எடுத்துக்கொண்டு நிமிர்வார்.

அத்தனை வருஷத்தில் அந்தக் கீரி அவிழ்க்கப்பட்டு நான் பார்த்ததில்லை. முளையைச் சுற்றி ஒரு வட்டம் போடும், புழுதியை முகரும், பிறகு வாலை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்துவிடும். வெயிலில் அதன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். மாமா வந்து தோளைத் தொடுவார். "வாடா, வண்டி போயிடும்." எனக்கு ரத்தம் கக்குகிற பயம். "கக்கினா நான் பாத்துக்கறேன்" என்பார். வரும் ரயிலில் வாயை இறுக்க மூடிக்கொண்டே கோடம்பாக்கம் வரை வருவேன். ஒருமுறை என் பயத்தைப் பார்த்து மாமா பத்துப் பைசாவுக்குத் தாயத்தே வாங்கிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். உள்ளே சினிமாப் பாட்டுப் புத்தகத் துண்டு ஒன்று சுருட்டி வைத்திருந்தது.

வேலை கிடைத்து வடக்கே போனேன். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்ததைப் பேப்பரில்தான் படித்தேன். பேப்பர் வந்து சேர்வதற்குள் அணைத்தும் முடித்திருந்தார்கள். அரக்குத் தட்டுகள் எரியும்போது என்ன வாடை வரும் என்று அன்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். பாய் என்ன ஆனார் என்று மாமாவுக்கு எழுதிக் கேட்டேன். பதில் கார்டில் வீட்டு வாடகை, பாட்டியின் மூட்டுவலி, மழை இல்லாதது எல்லாம் இருந்தன. பாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதே வருஷம் ஜூலையில் வண்டலூரில் புது மிருகக்காட்சிசாலையைத் திறந்தார்கள். சிங்கமும் ஊரைவிட்டுப் போயிற்று.

போன மாதம் அங்கே போய் நின்றேன். ரிப்பன் மாளிகை அப்படியே வெள்ளையாக நிற்கிறது. மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம். கால அட்டவணையில் இன்னும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் போடுகிறார்கள். அரக்கோணம் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அது வெறும் எழுத்துச் சுருக்கம். வெளியே பழைய கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், கொலுவில் வைக்கலாம் போல. பக்கத்தில் அல்லிக்குளம் என்ற பேரில் கடைகள் இருக்கின்றன. குளம் இல்லை.

மாமா போய்ப் பதினோரு வருஷமாகிறது. கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒருநாள் கேட்டேன், "மாமா, நீங்களாவது அந்தச் சண்டையைப் பார்த்திருக்கீங்களா?" நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஒரு தடவை அவுத்தாண்டா" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டாள். மறுநாள் கேட்டபோது அவருக்கு அந்தப் பேச்சே நினைவில்லை.

உங்களில் யாராவது மூர் மார்க்கெட் வாசலில் கீரி–பாம்புச் சண்டையைக் கடைசிவரை பார்த்திருந்தால், யார் ஜெயித்தது என்று தயவுசெய்து ஒரு வரி எழுதிப் போடுங்கள்.