ஆதாரம் எங்கே என்று கேட்டவர்கள் நாம்



போன வாரம் தரம் 6 மாணவி ஒருவரின் உம்மா பாடசாலைக்கு வந்தார். கையில் எச்.பி.வி தடுப்பூசிக்கான சம்மதப் படிவம். கையொப்பம் இல்லை.

"டீச்சர், இந்த ஊசியப் போட்டா பின்னுக்குப் புள்ள கிடைக்காதாம். வட்ஸ்அப்ல வொய்ஸ் வந்திச்சி."

"யாருடைய வொய்ஸ்?"

"தெரியா டீச்சர். எல்லா குரூப்லயும் வந்திச்சி."

எனக்கு 2020 ஞாபகம் வந்தது. கொவிட் ஜனாஸாக்களை அடக்கினால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் எரித்தார்கள். அன்று நாம் கேட்டது ஒரே கேள்விதான்: ஆதாரம் எங்கே? 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி வந்தது. 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

"அன்று பொய் சொன்னவர்களை இன்று எப்படி நம்புவது?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கோபம். ஆனால் அன்று நம்மைக் காயப்படுத்தியது விஞ்ஞானம் அல்ல, ஆதாரமில்லாத பேச்சு. பெயர் தெரியாத அந்த வொய்ஸும் அதே இனம்தான்.

கர்ப்பப்பை கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் இந்த ஊசி 2017 முதல் நம் நாட்டுப் பிள்ளைகளுக்குப் போடப்படுகிறது. இதனால் பிள்ளைப்பேறு பாதிக்கப்படாது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. என் வார்த்தையையும் அப்படியே நம்ப வேண்டாம், எம்.ஓ.எச். காரியாலயத்தில் கேளுங்கள் என்றேன்.

படிவம் இன்னும் வரவில்லை.

அடுத்த வொய்ஸை அனுப்ப முதல், அன்று கேட்ட கேள்வியை ஒருமுறை கேட்போமா?