பாகூரின் பங்காரு வாய்க்கால்

புதுச்சேரியைப் பார்க்க வருகிறவர்கள் நகரத்தின் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலைக் கடவாமல் திரும்ப முடியாது. பிரெஞ்சு ஆட்சியில் அதன் கீழ்ப்புறம் வெள்ளையர் பட்டணம். மேற்புறம் கறுப்பர் பட்டணம். பாலங்கள் இருந்தும் ஓர் ஊரை இரண்டாகக் காட்டிய எல்லைக்கோடு அது.

இதற்கு நேர்மாறான வாய்க்கால் ஒன்று கிராமப்புறத்தில் உண்டு. அதைக் காணும் பொருட்டுச் சென்ற தை மாதத்தில், வில்லியனூரில் திருக்காமீசுவரரைத் தரிசித்துவிட்டுத் தெற்கே பாகூருக்குப் பிரயாணமானோம்.

பாகூர் பழம்பெரும் ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் மானியமாக விடப்பட்டன என்று செப்பேடுகள் கூறுகின்றன. உபாத்தியாயர்களாகிய நமக்கு இவ்வூரை வணங்க இதுவே போதும். ஆனால், கல்விக்கு முன் சோறு வேண்டுமல்லவா? புதுவையின் நெற்களஞ்சியமான இவ்வூருக்குச் சோறளிப்பது பாகூர் ஏரி; ஏரிக்கு நீரளிப்பது பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்ற தாசிச் சகோதரிகளின் தர்மம் இது என்று ஜனங்கள் சொல்கிறார்கள். அரசர் பெயர்களை மறந்தாலும் நீர் தந்தவர் பெயரை உழவர்கள் மறப்பதில்லை.

இந்நீர் வரும் வழிதான் விசேஷமானது. நந்தி மலையில் பிறந்த தென்பெண்ணையைச் சொர்ணாவூரில் அணை மறிக்கிறது. அங்கிருந்து வாய்க்கால் புறப்படுகிறது. அந்நாளில் அணை பிரிட்டிஷ் சீமையில். ஏரியோ பிரெஞ்சுச் சீமையில்! இரு சர்க்கார்களும் 1910-ம் வருஷத்தில் இந்நீருக்காக உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மனிதரைச் சுங்கச்சாவடி நிறுத்திற்று. நீரோ எல்லையைக் கடந்து வயலை நாடிச் சென்றது.

மக்களுக்கு அந்த விடுதலை 1954-ல்தான் வந்தது. அவ்வருஷம் அக்டோபர் 18-ந் தேதி, வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கைமாறியது.

இன்றும் அணை தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். தலைமடையில் தூர் வாராவிட்டால் கடைமடை காயும் என்பது எல்லா சர்க்கார்களுக்கும் பொதுவான விதி. நகரத்துப் பாலங்களில் நின்று படம் பிடிக்கும் அன்பர்கள், அரை நாளாவது ஒதுக்கிப் பாகூர் ஏரிக்கரைக்கும் வரவேண்டும். பிரிக்கும் வாய்க்காலுக்குத்தான் பாலம் தேவை. சேர்க்கும் வாய்க்கால் தானே ஒரு பாலம் என்பதை அங்கே காணலாம்.