சாதக் கரண்டி

முதல்முறை வருபவர்களிடம் இரண்டு பொருள்களை எடுத்துவரச் சொல்வேன். ஒன்று, தற்போது சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும், அட்டையோடு. மற்றொன்று, வீட்டில் சாதம் போட்டுக்கொள்ளும் கரண்டி. மாத்திரையைக் கேட்பதில் யாருக்கும் வியப்பில்லை. கரண்டி என்றதும், காதில் சரியாகத்தான் விழுந்ததா என்பதுபோல ஒரு கணம் பார்ப்பார்கள்.

மயிலாப்பூரில் ஒரு சிறிய சர்க்கரை நோய் கிளினிக்கில் 22 ஆண்டுகளாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். வருபவர்களுக்கு நான் ‘டயட் மேடம்’. காலையில் கிளம்பும்போது என் டிபன் டப்பாவோடு இன்னொரு டப்பாவில் வெறும் சாதமும் எடுத்துப் போவேன். அது மேஜை மேலிருக்கும் சமையல் தராசுக்கு.

போன ஆடி மாதம் மந்தைவெளியிலிருந்து, வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் மனைவியோடு வந்தார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 8.9. “மதியம் ரெண்டே கரண்டி சாதம்தான் மேடம். ஸ்வீட் பக்கமே போறதில்ல,” என்றார். செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்கியவரின் வருத்தம் அவர் குரலில் இருந்தது. டப்பாவைத் திறந்து வைத்தேன். “வீட்ல போட்டுக்கற மாதிரியே ஒரு கரண்டி எடுத்து இந்தத் தட்டுல வையுங்க சார்.” நல்ல குழிவான எவர்சில்வர் கரண்டி. கூம்பாக எடுத்து, மேலே லேசாகத் தட்டி வைத்தார். தராசு 180 கிராம் காட்டியது. “நூத்தியெண்பதா?” என்று முதலில் கேட்டவர் அவர் மனைவிதான்.

இரண்டு கரண்டி என்றால் 360 கிராம். வெந்த சாதம் 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஆக, ஒரு வேளைச் சாதத்தில் மட்டும் 100 கிராம் மாவுச்சத்து அவர் உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் சொன்னதில் பொய்யே இல்லை. எண்ணியிருக்கிறார், அளக்கவில்லை. எண்ணுவதற்கும் அளப்பதற்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளிதான் என் தொழில்.

இதை நான் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அச்சடித்த தாள்தான் கொடுப்பேன். 1200 கலோரி, காலையில் ஓட்ஸ், மாலையில் ஆப்பிள், இரவு இரண்டு சப்பாத்தி, அடியில் கொட்டை எழுத்தில் ‘அரிசியைத் தவிர்க்கவும்’. மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். நாலாக மடித்து சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு போனார். மூன்றாவது வாரம் அவர் மகள் வந்தாள். ராத்திரி அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறி, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சர்க்கரை 48. பிழைத்துக்கொண்டார். பிறகு பார்க்கப் போனபோது மெதுவாகச் சொன்னார்: “சோறு துன்னக்கூடாதுன்னு எழுதியிருந்துச்சாம். வூட்டுக்கு வரவே பத்து மணி ஆவுது, அதுக்கப்புறம் யாரு சப்பாத்தி இடறது? மாத்திரைய மட்டும் போட்டுக்கினு படுத்துட்டேன் மேடம்.”

மாத்திரையைத் தவறாமல் போட்டிருக்கிறார். என் தாளையும் மதித்திருக்கிறார். தவறு முழுவதும் என்னுடையது. அவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார், அடுப்பில் என்ன இருக்கும் என்று நான் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து அச்சடித்த தாளைத் தொடுவதில்லை. ஒருவர் என்ன சாப்பிடுகிறாரோ அதைக் கேட்டு எழுதிக்கொள்வேன். அந்தப் பட்டியலில்தான் திருத்தம் செய்வேன்.

இந்தப் பாடத்தை இந்த ஊர் என்னைவிட வெகு முன்னாலேயே கற்றிருக்கிறது. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948ல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954ல் ராயபுரத்தில் இந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை கட்டினார். மேல்நாட்டு மருத்துவம் நீரிழிவுக்காரர்களை மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைச் சாப்பிடச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. தானியத்தை நம்பி வாழும் மக்களுக்கு அது எப்படிப் பொருந்தும்? அவர் தானியம், பருப்பு, கீரை, காய் என்று நார்ச்சத்து மிகுந்த உணவை எழுதிக் கொடுத்தார். நோயாளியின் அடுப்பங்கரையிலிருந்துதான் பத்தியம் தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்னோடி எனக்குத் தெரியவில்லை.

அதற்காக நம் சாதத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. 2000களில் சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ என்ற பெரிய ஆய்வு, இந்த நகரத்தார் உண்ணும் மொத்தக் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வருகிறது, அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி என்று காட்டியது. தவிடும் முளையும் போன அரிசியை, அந்த அளவுக்கு, அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடம்பு தாங்காது. சாதத்தை விடச் சொன்னால் ஒரு வாரம் விடுவார்கள், எட்டாம் நாள் இரட்டிப்பாகச் சாப்பிடுவார்கள். கரண்டியை மாற்றச் சொன்னால் கேட்கிறார்கள். மந்தைவெளிக்காரரின் மனைவியிடம், “இந்தக் கரண்டி இனிமே சாம்பாருக்கு இருக்கட்டும்மா. சாதத்துக்குத் தட்டையா ஒண்ணு வச்சுக்குங்க, எழுபத்தஞ்சு கிராம் பிடிக்கிற மாதிரி. ரெண்டு கரண்டின்ற கணக்கு அப்படியே இருக்கட்டும்,” என்றேன்.

குறைத்த சாதத்தின் இடத்தில் எதை வைப்பது? அதற்குப் பதில் நம் வாழை இலையிலேயே இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தால் கோசுமல்லி, பொரியல், கூட்டு எல்லாம் விழுந்த பிறகுதான் சாதம் வரும். நாமோ அவற்றைத் தொடாமல் சாதத்துக்காகக் காத்திருப்போம். காயும் பருப்பும் முதலில் வயிற்றுக்குள் போய், மாவுச்சத்து பின்னால் போனால், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பரிமாறும் வரிசையிலேயே சாப்பிடுங்கள் என்றுதான் சொல்வேன். பாயசத்துளியை மட்டும் தாண்டிவிட்டால் போதும். கோவைக்காய், வாழைத்தண்டு, அவரைக்காய், முருங்கைக்கீரை, ஒரு கிண்ணம் சுண்டல் என்று இலையின் மேல்பாதி நிறைந்துவிட்டால் கீழ்ப்பாதிச் சாதம் தானாகவே சிறுக்கும்.

சில நம்பிக்கைகளையும் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேழ்வரகு நல்லது என்று தினமும் இரண்டு டம்ளர் கஞ்சி குடிப்பவர்கள் நிறைய. நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிய எந்தத் தானியமும் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை விரட்டி ஏற்றும். அதே கேழ்வரகைக் கீரை போட்டு அடையாகத் தட்டினால் கதை வேறு. பனைவெல்லமும் தேனும் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். சப்பாத்தி நாலு சாப்பிட்டால் சாதத்துக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இவற்றைச் சொல்லும்போது யாரையும் முட்டாளாக்கிவிடக்கூடாது. அக்கறையால் வந்த பழக்கங்கள் இவை. அந்த அக்கறையைக் காப்பாற்றிக்கொண்டு அளவை மட்டும் திருத்த வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கரண்டி எப்படியோ, மாத்திரைக்கு நேரம் அப்படி. மாத்திரையை எழுதுவதும் மாற்றுவதும் டாக்டரின் வேலை. அது சாப்பாட்டோடு சேர்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மெட்ஃபார்மின், கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரை தயாரிப்பதைக் குறைக்கிறது. பிரான்சில் ஷான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1957ல் இதை நீரிழிவுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். இன்றும் பெரும்பாலோருக்கு முதல் மாத்திரை இதுதான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிற்றைக் கலக்கும். அதனால் சாப்பாட்டோடோ சாப்பிட்ட கையோடோ போடச் சொல்வார்கள். பல வருடம் சாப்பிட்டால் உடம்பில் பி12 சத்து குறையலாம். சைவச் சாப்பாடு மட்டுமே உள்ள மயிலாப்பூர் வீடுகளில் இதை நான் மறக்காமல் கேட்பேன். பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்றால் சர்க்கரை மட்டும் காரணம் என்று விட்டுவிடாமல், பி12 பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லி அனுப்புவேன்.

கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் வேறு சங்கதி. அவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று மாத்திரைக்குத் தெரியாது. தெற்கு மாடவீதியில் பூக்கட்டி விற்கும் ஓர் அக்காவுக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் கை நடுங்கும், கண் இருட்டும். சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்து இன்னும் குறைவாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். “காலைல எழுந்ததும் என்ன பண்ணுவீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்கக்கா,” என்றேன். “மூணரைக்கு எழுந்து, மாத்திரய போட்டுக்கினு, ஒரு டீய குடிச்சிட்டு கோயம்பேட்டுக்குப் போவேன். பூவ எடுத்தாந்து, தண்ணி தெளிச்சு, கட்டி, பதினோரு மணிக்குத்தான் ரெண்டு இட்லி.” சீட்டில் ‘காலை, உணவுக்கு முன்’ என்று எழுதியிருந்தது. அவர் காலை மூன்றரைக்கு விடிகிறது, அவர் உணவு பதினோரு மணிக்கு வருகிறது. நடுவில் ஏழரை மணி நேரம்.

உடனே டாக்டரிடம் பேசினேன். மாத்திரை அந்தப் பதினோரு மணி இட்லிக்கு முன்னால் நகர்ந்தது, அளவும் பாதியானது. கோயம்பேட்டிலிருந்து திரும்பியதும் ஒரு கைப்பிடி வேகவைத்த கடலை சாப்பிட வேண்டும் என்று பேசி முடிவு செய்தோம். சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். பூக்கூடையில் ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை இப்போதும் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் கண்ணாலேயே கேட்பேன், அக்கா கூடையைத் தட்டிக் காட்டுவார்.

இன்சுலின் போடுபவர்களின் ஊசியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன். நம் ஊரில் மருந்துக் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதாகவும் 100 யூனிட் உள்ளதாகவும் கிடைக்கிறது. சிவப்பு மூடி ஊசி 40க்கு, ஆரஞ்சு மூடி ஊசி 100க்கு. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இந்தக் கணக்கையும் நோயாளியின் ஊசியைக் காட்டியே சொல்லித் தருகிறேன்.

பிறகு இந்த ஊரின் பஞ்சாங்கம் இருக்கிறது. சஷ்டி, ஏகாதசி, ஆடிக்கூழ், ரமலான் நோன்பு, மார்கழிப் பொங்கல் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். ‘விரதமெல்லாம் கூடாது’ என்று சொல்லிவிட்டால் என்னிடம் சொல்லாமல் இருப்பார்கள், அதுதான் ஆபத்து. ஒரு வாரம் முன்னாலேயே சொல்லுங்கள், அன்றைக்கு எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று டாக்டரைக் கேட்டுவிடலாம் என்பேன். பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் பார்க்க வெறுங்காலோடு தார்ச்சாலையில் நிற்கிறார்கள். உணர்ச்சி மங்கிய பாதத்துக்குச் சூடு தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். அதனால் பங்குனி பிறந்ததும் எங்கள் நர்ஸ், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை வைத்து எல்லோர் பாதத்தையும் தொட்டுப் பார்ப்பார். தொடுவது தெரியாதவர்களை, வெயில் தாழ்ந்து போங்கள், கோயில் வாசல் வரை செருப்போடு போங்கள், ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வோம்.

இத்தனையும் பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு 2006ல் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். சர்க்கரை எல்லையில் நின்ற 531 இந்தியர்களை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் சீர்செய்துகொண்டவர்களில் அது 39.3 சதவீதமாக நின்றது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். ஒரு கரண்டிக்கும் அரைமணி நேர நடைக்கும் மாத்திரைக்கு நிகரான வலு உண்டு என்று இதைத்தான் நம்பி உட்கார்ந்திருக்கிறேன். நோய் வந்துவிட்டவர்களுக்கு இரண்டும் வேண்டும். மாத்திரை இருக்கிறது என்று சாப்பாட்டில் கட்டுப்பாட்டை விடுவதும், சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்துவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

மார்கழிக்கு இரண்டு வாரம் முன்னால் மந்தைவெளிக்காரர் மறுபடி வந்தார். மூன்று மாதச் சராசரி 7.3. அவருக்கு ஒரு கவலை. “சீசன் ஆரம்பிக்குது மேடம். ராத்திரி கச்சேரி முடிஞ்சு சபா கேன்டீன்லதான் சாப்பாடு. அங்க கரண்டி அவங்க கையில இருக்கே?”

நான் சாத டப்பாவைத் திறந்து, கரண்டி எதுவும் தராமல், தராசின் முகப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். “கையாலயே எடுத்து வையுங்க சார். உங்க சாதம் எவ்வளவோ, அவ்வளவு.” கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு பிடி வைத்தார், யோசித்தார், இன்னும் கொஞ்சம் வைத்தார், பிறகு அதிலிருந்து நாலு பருக்கையை எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டார். தராசைத் திருப்பினேன். 154 கிராம்.

அவர் மனைவி அதை எட்டிப் பார்த்துவிட்டு, பையிலிருந்த தட்டைக் கரண்டியை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். “இது இங்கயே இருக்கட்டும் மேடம். அடுத்து வரவங்களுக்கு ஆகும்.”