கயிற்றின் அருகே நிற்பவர்

வண்டி வைத்திருப்போர் இரு வகையினர். ஏறிச் செல்வதற்காக வைத்திருப்போர் ஒரு வகை. வேலை வாங்குவதற்காக வைத்திருப்போர் மறு வகை. முதல் வகையினருக்கு வண்டியின் வேகமும் தோற்றமும் பெரிது. இரண்டாம் வகையினருக்கோ, அது எவ்வளவு நிதானமாக நகரும், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்குமா என்பவையே பெரிது. எங்கள் குடும்பம் நாற்பது ஆண்டுகளாக இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் மலைப்பாதையை வாசகர்களில் சிலர் அறிந்திருக்கக் கூடும். அந்தக் கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. காப்பிச் செடிக்கு நிழல் தரவும், மிளகுக் கொடி படரவும் அங்கே சில்வர் ஓக் மரங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. முதிர்ந்த மரங்களை அனுமதி பெற்று வெட்டி, ஒட்டுப்பலகைக்கும் பெட்டிப் பலகைக்கும் விற்கிறார்கள். ஆனால் வெட்டிய தடி கிடக்கும் இடத்துக்கு லாரி போகாது. சரிவிலிருந்து சாலை வரை அதை இழுத்துக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். எங்கள் பழைய ஜீப் செய்து வருவது அந்த வேலையைத்தான். மர்ஹூம் அத்தா அவர்கள் வாங்கியது. அவர்களுக்குப் பின் அண்ணன் ஓட்டுகிறார். மதரஸா விடுமுறை நாட்களில் நானும் உடன் செல்வேன்.

போரில் பிறந்த வண்டி

ஜீப் வண்டி இரண்டாம் உலகப் போரின் பிள்ளை. படைகளுக்காக எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கக் கூடிய சிறு வண்டி வேண்டுமென்று 1940 இல் அமெரிக்க இராணுவம் கேட்டது. பேன்டம், வில்லிஸ், ஃபோர்டு ஆகிய மூன்று நிறுவனங்கள் அதற்கு வடிவம் கொடுத்தன. போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. 1945 இல் வில்லிஸ் நிறுவனம் அதையே உழவருக்கும் தொழில் செய்வோருக்கும் உரிய வண்டியாக மாற்றி விற்கத் தொடங்கியது.

அதே 1945 இல் நம் நாட்டில் ஒரு வணிக நிறுவனம் தோன்றியது. அதன் பெயர் மகேந்திரா அண்ட் முகம்மது. மகேந்திரா சகோதரர் இருவருடன் பங்கு சேர்ந்தவர் மாலிக் குலாம் முகம்மது. நாடு பிரிந்தபோது அவர் பாகிஸ்தான் சென்று, அந்நாட்டின் முதல் நிதியமைச்சராகவும், 1951 முதல் 1955 வரை கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். இங்கே நிறுவனத்தின் பெயர் 1948 இல் மகேந்திரா அண்ட் மகேந்திரா என்று மாறியது. அந்த நிறுவனம்தான் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கி, பின்னர் தானே தயாரிக்கவும் செய்தது.

எங்களிடம் இருப்பது சி.ஜே.3பி என்னும் வகை. வில்லிஸ் 1953 இல் வெளியிட்ட வடிவம் இது. எஞ்சின் உயரம் கூடியதால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அதனால் மற்ற ஜீப்புகளைவிட இதற்கு நெற்றி உயரம். 1968 இல் அமெரிக்காவில் இதன் உற்பத்தி நின்ற பிறகும், நம் நாட்டில் பல பத்தாண்டுகள் இந்த வடிவம் தொடர்ந்து வந்தது. அத்தா இதை 1984 இல் பழைய வண்டியாகவே வாங்கினார்கள். பெட்ரோல் விலை தாங்காமல் பிறகு டீசல் எஞ்சினுக்கு மாற்றினார்கள்.

முப்பத்தேழு சுற்று

இந்தச் சிறிய வண்டி தன்னைவிடக் கனமான தடியை எப்படி அசைக்கிறது என்று பலர் வியப்பார்கள். விடை எஞ்சினின் வலிமையில் மட்டும் இல்லை. வழக்கமான கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறு பெட்டி இருக்கிறது. அதிலுள்ள கம்பிகளில் ஒன்று முன்சக்கரங்களையும் இழுப்பில் சேர்க்கும். மற்றொன்று லோ கியரில் போடும். வில்லிஸ் அமைத்த கணக்கின்படி, லோ கியரில் முதல் கியர் போட்டால், எஞ்சின் ஏறத்தாழ 37 சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றும். வேகத்தை விட்டுக் கொடுத்து வலிமையைப் பெறும் ஏற்பாடு இது. அப்போது வண்டி மனிதன் நடப்பதைவிட மெதுவாக ஊரும். ஆனால் அதன் இழுவையோ மிகப் பெரிது.

முன்சக்கர இழுப்பைத் தார்ச் சாலையில் போடக் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும். இரண்டையும் பிணைத்துவிட்டால், மண்ணில் சற்று வழுக்கிச் சரிக்கட்டிக் கொள்ளும்; தாரில் வழுக்க இடமின்றி டயரும் பற்சக்கரமும் தேயும். வலிமை இருக்கிறது என்பதற்காக எங்கும் அதைக் காட்டிவிட முடியாது என்பது வண்டிக்கும் பொருந்துகிறது.

தடியைக் கட்டும் இடத்திலும் நுணுக்கம் உண்டு. இழுசங்கிலியை வண்டியின் பின்புறம் தாழ்வாகக் கட்ட வேண்டும். இந்த ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலமே. உயரத்தில் கட்டி இழுத்தால் முன்பக்கம் நிலத்தைவிட்டுத் தூக்கும். தூக்கிய வண்டி ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. தடியின் முன்முனையையும் சற்றே தூக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது ஏர் போல மண்ணை உழுது, காப்பிச் செடியின் வேரையும் அறுத்துக் கொண்டு வரும்.

மாமாவின் கால்

மேட்டில் இழுப்பதைவிட இறக்கத்தில் இறக்குவதே ஆபத்தானது. இறக்கத்தில் தடி வண்டியைத் தள்ளத் தொடங்கும். ஆகவே செங்குத்தான இடத்தில் தடியை வண்டிக்குப் பின்னால் கட்டிக் கொண்டு இறங்கலாகாது. கயிற்றை வலுவான அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, உராய்வின் பிடியில் சிறிது சிறிதாக விட்டுத் தடியைத் தனியே இறக்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். கூலியாளும் கூடுதலாக வேண்டும்.

அந்த நேரத்தை மிச்சப்படுத்த எண்ணினார் ஒரு குத்தகைக்காரர். 1997 ஆம் ஆண்டு, மழை தூறிய மாலைப் பொழுது. எங்கள் தாய்மாமா அவரிடம் கூலிக்குச் சென்றிருந்தார். சக்கரத்துக்குப் பின்னால் கட்டை போடுவது அவர் வேலை. இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், தடியைக் கட்டியவாறே ஜீப்பை இறக்கத்தில் விட்டிருக்கிறார்கள். தடி சறுக்கிப் பக்கவாட்டில் திரும்பியது. மாமா விலகுவதற்குள் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. மதுரையில் மருத்துவர்களால் உயிரைத்தான் காப்பாற்ற முடிந்தது. குத்தகைக்காரர் ஒரு மாதக் கூலி கொடுத்தார், பின்னர் வரவில்லை.

அத்தா அன்று எவரையும் ஏசவில்லை. ஆனால் அந்த வாரமே எங்கள் வண்டிக்கு மூன்று கட்டுப்பாடுகள் வந்தன. மழை பெய்தால் வேலை நிற்கும். அந்த நாளின் அரைக் கூலி ஆட்களுக்கு உண்டு. அஸர் நேரத்துக்குப் பிறகு புதிய தடியில் கயிறு ஏறாது. கயிறு இறுகும்போது அதன் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. நின்றால் வண்டி நகராது. இறுகிய கம்பிக்கயிறு அறுந்தால் சாட்டை போலத் திரும்பி வரும், ஆளை வெட்டும். அதன் வீச்சைத் தணிக்க நடுவில் நனைந்த கோணிச் சாக்கு ஒன்றைப் போட்டு வைக்கும் வழக்கமும் அப்போது தொடங்கியதுதான்.

மாமா இன்றும் எங்களுடன் இருக்கிறார். கயிறு அவர் பொறுப்பு. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் திண்ணையில் அமர்ந்து, பழைய துணியொன்றைக் கம்பிக்கயிற்றின் மேல் சுற்றிப் பிடித்து முழு நீளமும் இழுத்துப் பார்ப்பார். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது என்று பொருள். “இந்தக் கயிறு போதும், வேறு வாங்குங்கள்” என்று அவர் சொல்லிவிட்டால் அண்ணன் மறுபேச்சுப் பேசுவதில்லை.

எல்லைக்கு அப்பால் கிடந்த மரம்

மரத்தொழிலில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மலைப்பகுதியில் தன் சொந்த நிலத்து மரத்தையும் நினைத்தபடி வெட்டிவிட முடியாது. தமிழ்நாட்டில் 1955 முதலே இதற்குச் சட்டம் இருக்கிறது. நீலகிரியின் கூடலூரில் காட்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995 இல் உச்சநீதிமன்றம் சென்றார். அவ்வழக்கில் 12.12.1996 அன்று பிறந்த ஆணை, ஒப்புதல் பெற்ற திட்டமின்றிக் காட்டில் மரம் வெட்டுவதை நாடு முழுவதிலும் நிறுத்தியது. அதன் பிறகு எங்களைப் போன்றோருக்கு வேலை குறைந்தது உண்மை. மலையில் ஓடை மிஞ்ச வேண்டுமானால் காடும் மிஞ்ச வேண்டும் என்பதும் உண்மை.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மலையையும் விட்டு வைக்கவில்லை. தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்கள் சாய்ந்து காப்பிச் செடிகளை அமுக்கின. சாலையில் விழுந்தவற்றை ஊர் இளைஞர்களுடன் சேர்ந்து ஜீப்பால் இழுத்து ஒதுக்கினோம். அதற்குக் கூலி பேசவில்லை. அந்த நாட்களில்தான் ஒரு வியாபாரி அண்ணனைத் தேடி வந்தார். தோட்ட எல்லைக்கு அப்பால் வனத்தின் பக்கம் பெரிய காட்டுமரம் ஒன்று விழுந்து கிடக்கிறது. இரவில் இழுத்துக் கொடுத்தால் மூன்று மடங்கு கூலி என்றார். “புயல் தள்ளிய மரம்தானே, நாமா வெட்டினோம்?” என்றும் கேட்டார்.

அண்ணன் மகளின் திருமணச் செலவு அப்போது வாசலில் நின்றது. ஆயினும் அண்ணன் சொன்னது இதுதான்: “விழுந்த மரத்துக்கும் உடையவர் உண்டு. அனுமதிச் சீட்டைக் கொண்டு வாருங்கள், பகலிலேயே இழுத்துத் தருகிறேன்.” சீட்டும் வரவில்லை, அவரும் வரவில்லை. திருமணம் எளிமையாக நடந்தது.

விற்பதா, வைப்பதா?

இந்த வண்டியால் பெருஞ்செல்வம் சேர்ந்துவிடவில்லை. ஆண்டுக்கொரு முறையேனும் ஸ்பிரிங் பட்டை உடைகிறது. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டியை ஐந்தாண்டுக்கொரு முறை மறுபதிவு செய்ய வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 இல் மேலும் உயர்ந்தது. பழைய ஜீப்புகளை அலங்காரத்துக்காக வாங்குவோர் பெருகிவிட்டதால், நல்ல விலைக்குக் கேட்டும் வருகிறார்கள். விற்றுவிடலாமா என்று அண்ணனும் நானும் பேசிக் கொண்டிருந்தபோது, அவருடைய மகன் இடைமறித்தான். அவனுக்கு வயது 22. “விற்க வேண்டாம் சின்னத்தா, நான் ஓட்டுகிறேன். சாவியைக் கொடுங்கள்” என்றான்.

எங்களுக்கு மகிழ்ச்சிதான்; ஆனால் தயக்கமும் இருந்தது. மலையில் தடி இழுக்கும் வண்டியின் சாவி என்பது, பின்னால் நிற்கும் நான்கு தொழிலாளரின் கையும் காலும் அல்லவா? முடிவை மாமாவிடம் விட்டோம். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஒரு பருவம் இவன் பின்னால் நின்று கட்டை போடட்டும். கயிறு இறுகும்போது எப்படி இருக்கும் என்று அங்கே நின்று பார்க்கட்டும். அதன் பிறகு முன்னால் உட்காரலாம்.”

அவன் முகம் முதலில் வாடிற்று. ஆயினும் மறுவாரமே மலைக்கு ஏறிவிட்டான். இப்போது அண்ணன் ஓட்டுகிறார். மகன் சக்கரத்தின் அருகே கட்டையுடன் நிற்கிறான். கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் வந்துவிட்டால் முதலில் குரல் கொடுப்பவன் அவனே என்று அண்ணன் சொல்கிறார்.

பிள்ளைகளிடம் கடையை, நிலத்தை, தொழிலை ஒப்படைக்கும் நேரம் ஒவ்வொரு வீட்டிலும் வருகிறது. கணக்கைக் கற்றுக் கொடுக்கிறோம். இலாபத்தைக் காட்டிக் கொடுக்கிறோம். அந்தத் தொழிலில் அடிபடக் கூடிய இடம் எது, அங்கே நிற்பவர் யார் என்பதையும் காட்டிவிட்டுக் கொடுத்தால் நலம். முதலாளியின் நாற்காலியில் அமர்வதற்கு முன்னால், சில மாதமேனும் அந்த இடத்தில் அவர்கள் நிற்கட்டும்.