இன்ஜின் கிடைச்சாச்சு... பில் எங்கே?

விடிவதற்குள் கோயம்பேடு, விடிந்ததும் மயிலாப்பூர் மாடவீதி. இப்படிக் காய்கறி ஏற்றி ஓடிக்கொண்டிருந்த பழைய டாடா ஏஸ் 'குட்டி யானை' ஒன்று, நீலப்புகை தள்ள ஆரம்பித்தது. இரண்டே சிலிண்டர் கொண்ட 702 சி.சி டீசல் இன்ஜின். "போர் தேஞ்சுடுச்சுண்ணே, மாத்திடுங்க" என்றார் மெக்கானிக். வண்டி நின்றால் வருமானம் நிற்கும். லோன் தவணை நிற்காதே!

புதுப்பேட்டையில் அதே மாடல் பழைய இன்ஜின் கிடைத்தது. பேட்டரி கொடுத்து ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார்கள். புகை அடிக்கவில்லை. விலையும் படிந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் நேரத்தில், கூட வந்த மனைவி கேட்டார்: "இது எந்த வண்டியோட இன்ஜின்ணே? பில் இருக்கா?"

பதில் இல்லை.

இன்ஜினை மாட்டுவது மெக்கானிக் வேலை. ஆனால், ஆர்.சி-யில் இருப்பது பழைய இன்ஜின் நம்பர். முன் அனுமதி வாங்காமல் மாற்றினால், 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. நம்பர் பொருந்தாவிட்டால் எஃப்.சி-யிலும் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரலாம். திருட்டு இன்ஜின் என்றால், போலீஸ் ஸ்டேஷன் வரை போக வேண்டியிருக்கும்.

இரண்டு கடை தள்ளி, மூவாயிரம் ரூபாய் கூடுதலாகச் சொன்னவரிடம் பில் இருந்தது. கணவர் தயங்கினார்.

"பத்து நடையில எடுத்துடலாம்ங்க. ராத்திரி நிம்மதியாத் தூங்கணும்ல?" என்றார் மனைவி.