உறுதி

மார்ச் 10, 2022

திங்கட்கிழமை இலங்கை மத்திய வங்கி ரூபாயை அவிழ்த்துவிட்டது. மாதக்கணக்காக 203 இல் கட்டிவைத்திருந்த டொலர் 230 ஐத் தாண்டி ஓடுகிறது. அப்பாவின் பணிக்கொடையும் சேமிப்புமாக 20 லட்சம் போன நவம்பரில்தான் நிலையான வைப்பில் விழுந்தது. ஒரு வருடம், 6 வீதம். "வங்கியில ஒரு சதமும் குறையேல்லையே" என்கிறார். உண்மைதான், புத்தகத்தில் குறையவில்லை.

ஏப்ரல் 12

வெளிநாட்டுக் கடனைக் கட்டப்போவதில்லை என்று இன்று அரசு அறிவித்துவிட்டது. நாலு நாளைக்கு முன்னர் மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 வீதப்புள்ளி கூட்டியது. புதிதாகப் போடுகிறவர்களுக்கு யோகம். எங்களுடையதை முறித்தால் வந்த வட்டியிலும் கைவைப்பார்கள். ரொறன்ரோவிலிருந்து தம்பி, "டொலரா மாத்தி வையுங்கோ" என்கிறான். நாட்டிலே மருந்து இறக்கவே டொலர் இல்லை, எங்களுக்கு யார் மாற்றித் தருவது?

மே 15

டொலர் 360. மார்ச் தொடக்கத்தில் அப்பாவின் காசு 9,850 டொலர், இன்று 5,550. அவருக்குச் சொல்லவில்லை.

மின்வெட்டில் அம்மா ரங்குப்பெட்டியைத் திறந்தாள். தாலிக்கொடியை ஒருமுறை கையில் ஏந்திப் பாரம் பார்த்துவிட்டு, பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதியை எடுத்தாள். நொத்தாரிசின் கையெழுத்து இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. ஓர் ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, மழையில், நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நெரிபட்டபோது இந்தப் பை அவளுடைய சட்டைக்குள் இருந்தது. காணியோ 1990 இலேயே இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. கால் வைக்க முடியாத நிலத்தின் உறுதியை இருபது வருடத்துக்கு மேல் காத்தவள் அவள். காணியை அவர்கள் விடுவித்தபோது கிணறு இருந்தது, வீடு இல்லை.

ஷெல்லுக்குப் பயந்தவள் பெட்டி கட்டினாள். பெட்டி களவு போகும் என்று பயந்தவர் வங்கிக்குப் போனார். காசு இருந்த இடத்திலேயே கரையும் என்று வீட்டில் ஒருவரும் பயந்திருக்கவில்லை.

ஜூலை 9

கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்துவிட்டது. நீச்சல் குளத்தில் பொடியள் குதிக்கிறார்கள். அப்பா தொலைக்காட்சியை விட்டு அசையவில்லை. நான் பெற்றோல் வரிசையில் இரண்டாம் நாள். முன்னால் நின்றவர் மகளின் காப்பை அடகு வைத்துவிட்டு வந்தவர். பவுண் விலை ஏறியதால் கூடக் காசு தந்தார்களாம். மீட்கிறபோது வட்டியும் ஏறியிருக்குமே என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

நவம்பர் 21

வைப்பு முதிர்ந்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட வருடத்துக்கு எங்களுக்கு 6 வீதம். அப்பா முதலை அப்படியே திரும்பப் போட்டார், இந்த முறை மூன்று மாதத்துக்கு. வட்டிக்காசுக்கு ஒரு பவுண் வாங்கிவரச் சொன்னாள் அம்மா. நகைக்கடையில் விலை கேட்டேன், காணாது. உறுதிக்குப் புதுப் பொலித்தீன் பை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.