மை மலிவு, சூடுதான் விலை

நுவரெலியாவுக்குப் பக்கத்து ராகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் டீசேர்ட்டுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி, மே தினம், கோயில் திருவிழா, டிவிசனுக்கு டிவிசன் கிரிக்கெட் அணி என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு சாக்கில் நெஞ்சில் எழுத்து வைத்த சட்டை கேட்கிறார்கள். அடிக்கத் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை. 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்கும் கொழும்பைச் சுற்றியுள்ள கார்மென்ட்களுக்கும் மலையகத்துப் பிள்ளைகள் இறங்கிப்போவது இன்று நேற்றைய கதையல்ல. பிரின்டிங் பகுதியில் நின்று பழகியவர்களும் அவர்களில் உண்டு. ஆனாலும் ஓடர் மலையிறங்கிப் போய், சட்டையாகத் திரும்பி ஏறுகிறது. ஊரிலேயே ஸ்கிரீன் அச்சு தொடங்க நினைக்கிறவருக்கு நீர் மையே ஏற்றது என்பது என் கட்சி. ஆனால் அதைச் சிபாரிசு செய்கிறவர்கள் மையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துபோகிறார்கள். ராகலையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சூடு எங்கிருந்து வரும்?

வழக்கமான பிளாஸ்டிசோல் மை, பிவிசித் தூளை நெகிழ்வூட்டும் எண்ணெயில் கலக்கிய களி. சூடு காட்டாதவரை அது காயவே காயாது. இராத்திரி ஸ்கிரீனில் விட்டுப் போனால் காலையில் அப்படியே கிடக்கும். துணிக்கு மேலே தோல்போல உட்காரும். ஸ்கிரீனைக் கழுவ தின்னர் வகை எதுவாவது வேண்டும். நீர் மையில் இருப்பது நிறமி, அதைத் துணியோடு பிணைக்கும் பைண்டர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். நூலுக்குள் இறங்கிவிடுவதால் தடவினால் கைக்குத் தட்டாது. ஒற்றை அறையில் அடுப்பும் பிள்ளைகளும் இருக்கும் லயத்து வீட்டில் தின்னர் வாடை இல்லாமல் வேலை செய்யலாம் என்பதே எனக்குப் பெரிய நியாயமாகப் படுகிறது. இந்த மையின் பேர்போன குறை, வலைக்கண்ணிலேயே காய்ந்து அடைத்துக்கொள்வது. திருப்பூர் வெயிலில் அது தீராத தொல்லை. இங்கே குளிர் நம் பக்கம். பக்கத்து நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகை வெப்பத்தில் இருக்கிறது. ராகலைக் காற்றிலும் ஈரத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் மை இழுக்கும் ஸ்குவீஜியை அழுத்தாமல் எதிர்ப்பக்கம் தள்ளி, வலைமேல் மையை மெல்லிய போர்வையாக விட்டுவைத்தால், அடுத்த சட்டையைப் பலகையில் மாட்டி முடிக்கும்வரை கண்கள் திறந்தே இருக்கும். புதிய கை நிதானமாகப் பழகலாம்.

அதே ஈரம் வேறோர் இடத்தில் கழுத்தைப் பிடிக்கிறது. ஸ்கிரீனில் பூசும், ஒளி பட்டால் இறுகும் எமல்சன் முழுக்கக் காய்ந்த பிறகே அதை ஒளியில் எரிக்க வேண்டும். மூடுபனி நாளில் தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலத்தான் இருக்கும். எரித்துக் கழுவும்போது எழுத்தின் ஓரம் கொழகொழவென்று உரிந்து வரும். கீழ்நாட்டில் பழகியதுபோல வெயிலை நம்பி எரிப்பதும் இங்கே சூதாட்டம்தான், நிமிடத்துக்கு நிமிடம் மேகம் மாறுகிற ஊர் இது. ஒரு சிறிய காய்ச்சல் பெட்டியும், தூரமும் நேரமும் மாறாத ஒரு விளக்கும் இல்லாமல் தொடங்கக் கூடாது. எமல்சன் தண்ணீர் தாங்கும் வகையாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டைகள் பாதி அடிபடும்போதே மை அதைக் கரைத்துவிடும்.

இனி சூடு. மையிலுள்ள தண்ணீர் ஆவியாகித் தீரும்வரை அச்சின் சூடு கொதிநிலையைத் தாண்டாது. தீர்ந்த பிறகுதான் பைண்டர் இறுகும் 150, 160 பாகைக்கு ஏறும். அங்கே இரண்டு மூன்று நிமிடம் நிற்கவும் வேண்டும். மைக்கு மை இது மாறும், டப்பாவில் எழுதியிருப்பதே வேதம். கட்டுநாயக்கவில் அச்சடித்த சட்டை, நீளமான உலர்த்தியின் பெல்ட்டில் ஏறி மறுமுனையில் பதமாக இறங்குகிறது. ஸ்குவீஜி பிடிக்கும் பழக்கத்தைக் கையோடு ஊருக்குக் கொண்டுவரலாம். அந்த உலர்த்தியை முடியாது. பலர் கை வைப்பது வீட்டு இஸ்திரிப் பெட்டியில். நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது. முதல் சலவையிலேயே அணியின் பெயர் பாதி போய்விடும். ஹீட் பிரஸ் நல்ல வழி. ஈரத்தோடு அதற்குள் வைத்தால் நீராவி போக இடமில்லை, ஆகவே முதலில் உலர்த்திவிட்டே அமுக்க வேண்டும். ஆனால் அது ஒன்றரை, இரண்டு கிலோவொட் இழுக்கும். விளக்குக்கும் டீவிக்கும் என்று இழுத்த லயத்து வயரில் அதை மாட்டச் சொல்வது தீ விபத்துக்கு நாள் குறிப்பது. பிக்சர் என்ற இறுக்கியை மையில் கலந்தால் சூடில்லாமலே நாட்கணக்கில் இறுகுமே என்பார்கள். இறுகும். ஆனால் கலந்த மை சில மணி நேரத்தில் வீணாகும், குளிரில் காத்திருப்பும் நீளும். கொஞ்சமாக அடிக்கிறவருக்கு அது தற்காலிக வழி, அவ்வளவுதான்.

கறுப்புச் சட்டையில் நீர் மை எடுபடாது என்பது உண்மையான ஆட்சேபம். துணியின் சாயத்தையே வெளுக்கும் டிஸ்சார்ஜ் மை உண்டு. அது சூட்டில் போர்மல்டிஹைட் கக்கும். காற்றோட்டம் இல்லாத காம்பராவுக்குள் அதை நுழையவே விடக்கூடாது. கிரிக்கெட் ஜெர்சி பெரும்பாலும் பொலியெஸ்டர், அது சப்ளிமேசன் இயந்திரக்காரருக்குரிய சந்தை. அங்கே மோதாமல் வெள்ளை அல்லது வெளிர்நிறப் பருத்தி, ஒற்றை நிற அச்சு என்று தொடங்குவதே புத்தி. மே தினச் சட்டைகளும் திருவிழாச் சட்டைகளும் போதுமான வேலை தரும்.

நீர் மை என்றால் தண்ணீருக்குக் கெடுதி இல்லை என்ற நம்பிக்கையைத்தான் நான் ஏற்கவில்லை. ஸ்கிரீனைப் பீலியில் கழுவினால் நிறமியும் பைண்டரும் பணிய இருக்கும் லயத்துக் குடத்துக்குப் போகும், அதையும் தாண்டினால் மகாவலிக்கு. நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அது சாயக்கழிவு, அளவும் வேறு. இந்தச் சின்ன வேலையை அதோடு சமன்படுத்துவது நியாயமில்லை. ஆனால் அங்கேயும் ஒவ்வொரு பட்டறைக்காரரும் தன் கழிவு கொஞ்சம்தானே என்றுதான் நினைத்திருப்பார். மிச்ச மையை அட்டையால் வழித்து டப்பாவில் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, கழுவிய தண்ணீரை வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் களியைக் காயவைத்து அகற்றினால் சிக்கலில் பெரும்பகுதி தீரும். இதற்குப் பணம் தேவையில்லை.

பணம் தேவைப்படுவது சூட்டுக்குத்தான். இடைத்தரகரின் பலமும் அங்கேதான் இருக்கிறது. ஓடரை வாங்கிக் கீழே அனுப்புகிறவர் மை தொடுவதில்லை, ஸ்குவீஜி பிடிப்பதில்லை. உலர்த்தி வைத்திருக்கும் ஒருவரின் தொலைபேசி எண் அவரிடம் இருக்கிறது. அந்த எண்ணுக்குத்தான் பாடசாலையும் கோயில் கமிட்டியும் கமிசன் கட்டுகின்றன. தேர்தல் காலத்தில் தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், பாதுகாப்பான வயரிங் உள்ள ஒரு பொது மண்டபத்தில் இரண்டு ஹீட் பிரஸ் போட்டு, மின்கட்டணத்தை மணிக்கணக்கில் வசூலிக்கலாம். யார் பராமரிப்பது, கெட்டால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். ஊர்க் கோயில் கமிட்டி ஒலிபெருக்கியையும் பந்தல் தகரத்தையும் வாடகைக்கு விட்டுக் கணக்கு எழுதிவைக்கிறது. அதே கொப்பியில் இன்னொரு பக்கம் போதும்.